வராத செய்திக்கு யார் கணக்கு வைப்பது?

பத்திரிகை அலுவலகத்தில் ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் போகிறவர் ப்ரூஃப் ரீடர். அப்புறம் நூலகர். அப்புறம் புகைப்படக்காரர்களில் பாதிப் பேர். அதற்குப் பிறகு டெஸ்க்கில், அதாவது வந்த செய்தியைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்பும் பிரிவில், இருக்கும் மூத்த உதவி ஆசிரியர்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சம்பளம் அதிகம். நிருபர்கள் கடைசி. அவர்களிலும் நீதிமன்றம், மாநகராட்சி என்று அலைகிறவர் முன்னால் போவார். சினிமாவும் கிரிக்கெட்டும் பார்ப்பவர் தங்கிவிடுவார். இந்த வரிசையை யாரும் எழுதி வைத்ததில்லை. நான் வேலை பார்த்த இடத்திலும் நண்பர்கள் வேலை பார்த்த இடங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மறுநாள் காலையில் பேப்பர் வழக்கம்போல வந்துவிடுகிறது. பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. அதில் எத்தனை பத்தி செய்தி ஏஜென்சியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது, எத்தனை பத்தி யாரோ அனுப்பிய செய்திக்குறிப்பு என்று மேலோட்டமாகப் புரட்டுகிறவருக்குத் தெரியாது. 'இத்தனை பேர் இல்லாமலேயே பேப்பர் வருகிறதே, அப்படியென்றால் இவ்வளவு நாள் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?' என்று நிர்வாகத்துக்குத் தோன்றும். தோன்றுவது இயல்புதான். மிச்சமான சம்பளம் மாதக் கடைசியில் கணக்கில் தெரிகிறது. வராமல் போன செய்திக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

எங்கள் அலுவலகத்தில் விளம்பரப் பக்கங்களுக்கு ஒரு ப்ரூஃப் ரீடர் இருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். டெண்டர் அறிவிப்புகளை எழுத்து எழுத்தாகப் படிப்பதுதான் அவருடைய வேலை. டெண்டர் விளம்பரத்தை வாழ்க்கையில் முழுதாகப் படித்தவர்கள் இரண்டே வகை: ஒப்பந்தக்காரர்களும் ப்ரூஃப் ரீடர்களும். எண்ணில் ஒரு சுழியம் கூடினாலும் விளம்பரத்தை மறுபடி இலவசமாகப் போட வேண்டும் என்பதால், எண்களைச் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பார். ஒருநாள் மாலை சிவப்புப் பேனாவைக் காதில் செருகியபடி டெஸ்க்குக்கு வந்தார்.

"தம்பி, இந்தத் தடுப்புச் சுவரை நான் ஏற்கெனவே படிச்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. சாலையோரத் தடுப்புச் சுவர் கட்டும் வேலை ஒன்று. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை என்ற எண் அப்படியே அவருக்கு நினைவிருந்தது. போன வருஷம் மழைக்கு முன்னால் இதே எண், இதே நீளம் என்றார். நூலகரிடம் போனோம். அவர் பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடி அந்தப் பக்கத்தை மேஜையில் விரித்தார். ஒரே வேலைதான்; தொகை மட்டும் கூடியிருந்தது. நிருபர் ஒருவர் இடத்தைப் பார்க்கப் போனார். சுவர் இல்லை. முதல் டெண்டரிலும் அது கட்டப்படவில்லை என்பதை அவர் ஆவணங்களோடு எழுதினார். மூன்றாம் பக்கத்தில் அவர் பெயரோடு செய்தி வந்தது. ப்ரூஃப் ரீடர் பெயரோ நூலகர் பெயரோ அதில் இல்லை. எங்கள் தொழில் வழக்கப்படி இருக்கவும் இருக்காது.

பிறகு வந்த ஆட்குறைப்புப் பட்டியலில் அந்த இருவர் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அதன் பின் டெண்டர் விளம்பரங்கள் விளம்பர ஏஜென்சியிலிருந்து பிடிஎஃப் கோப்பாக வந்து நேராகப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தன. இடையில் யாரும் படிப்பதில்லை. அதற்கப்புறம் எத்தனை சுவர்களுக்கு இரண்டு முறை டெண்டர் விட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வசதியான பத்திரிகைகளும் இந்த வேலையைக் கழித்துவிடலாம் என்றுதான் நினைக்கின்றன. 2017-ல் நியூயார்க் டைம்ஸ் தன்னுடைய தனி காப்பி டெஸ்க்கையே கலைத்தது. செய்தியை வரி வரியாகப் படித்து, பெயர் சரியா, கூட்டல் சரியா, முதல் பத்தியில் சொன்னது கடைசிப் பத்தியில் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அந்தப் பணத்தை நிருபர்களுக்குச் செலவிடுவோம் என்றது நிர்வாகம். ஜூன் கடைசியில் ஊழியர்கள் அலுவலகத்தை விட்டு வெளியேறித் தெருவில் நின்றார்கள். அப்போது அவர்கள் பிடித்திருந்த அட்டைகளில் ஒன்றில், 'இது எடிட் செய்யப்படவில்லை' என்ற வாசகத்தையே வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். டெஸ்க் ஆட்களின் கோபம் அப்படித்தான் வெளிப்படும். அதே பத்திரிகை இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களோடு நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது ஒரே ஒரு நியூயார்க் டைம்ஸ். மற்றவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டது டெஸ்க்கைக் கலைக்கும் யோசனையை மட்டும்தான். நிருபர்களைச் சேர்த்த பகுதியை விட்டுவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 2013-ல், சிகாகோ சன்-டைம்ஸ் தன்னுடைய 28 முழுநேரப் புகைப்படக்காரர்களை ஒரே நாளில் அனுப்பியது. அவர்களில் புலிட்சர் பரிசு வாங்கிய ஜான் எச். வைட்டும் ஒருவர். நிருபர்களுக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு தீ விபத்து நடந்த இடத்தில் சாட்சிகளிடம் பேசுவதா, படமெடுப்பதா என்று ஒரே ஆள் முடிவெடுக்க வேண்டிய நிலை அப்போது பலருக்கு வினோதமாகத் தெரிந்தது. இன்றைக்கு அது எல்லா ஊரிலும் வேலையின் ஒரு பகுதி.

முதலாளிகள் பக்கத்தையும் பார்க்கலாம். வருமானம் நிஜமாகவே போய்விட்டது. அமெரிக்கக் கணக்குகள்தான் இதில் தெளிவாகக் கிடைக்கின்றன. 2000-ல் அங்கே வரி விளம்பரங்களிலிருந்து மட்டும் பத்திரிகைகளுக்குச் சுமார் 1,960 கோடி டாலர் வந்தது. வேலைவாய்ப்பு, வீடு வாடகை, பழைய கார் என்று நாலு வரி நாலு வரியாக வந்த பணம் அது. 1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணைய விளம்பரப் பலகை அந்த நாலு வரியைப் பெரும்பாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னது. மற்றதைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. 2005-ல் சுமார் 4,900 கோடி டாலராக இருந்த மொத்த விளம்பர வருமானம் 2020-ல் 1,000 கோடிக்கும் கீழே வந்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளின் செய்திப் பிரிவுகளில் வேலை பார்த்தவர்களின் எண்ணிக்கை, 2008-ல் சுமார் 71,000 ஆக இருந்தது, 2020-ல் சுமார் 31,000 ஆனது. இதைப் படித்துவிட்டு 'ஆளைக் குறைக்காமல் எப்படி நடத்துவது?' என்று ஒரு முதலாளி கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை. நியூஸ்பிரிண்ட் விலையையும் மின்கட்டணத்தையும் லட்சியம் பேசிக் கட்ட முடியாது.

ஆனால் கதையின் நடுவில் ஒரு பகுதியை மட்டும் அவர்கள் சொல்வதே இல்லை. விளம்பரம் குறைய ஆரம்பித்தபோது இந்தத் தொழில் ஏழையாக இருக்கவில்லை. நைட் ரிடர் என்ற நிறுவனம் அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பத்திரிகைக் குழுமமாக இருந்தது. நூறு டாலர் வருமானத்தில் இருபதுக்கு நெருக்கமாக லாபம். அது போதவில்லை என்று பங்குதாரர்கள் நெருக்கியதால் 2006-ல் குழுமமே விற்கப்பட்டது. இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க அரசு சொன்னதைச் சந்தேகித்து எழுதிய மிகச் சில இடங்களில் அதன் வாஷிங்டன் அலுவலகமும் ஒன்று. விற்கும்போது அதற்கு யாரும் தனி விலை போடவில்லை. வாங்கியது மெக்லாச்சி, 1857-லிருந்து ஒரு குடும்பத்தின் பிடியில் வளர்ந்த நிறுவனம். கொடுத்த விலை 450 கோடி டாலர். அதற்கு மேல் நைட் ரிடரின் பழைய கடனும் அவர்கள் தலையில் ஏறியது. விளம்பரம் சரியத் தொடங்கிய சரியான நேரத்தில் வட்டி கட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் வருஷா வருஷம் ஆட்குறைப்பு. 2020 பிப்ரவரியில் திவால் மனு. அதிலிருந்து வெளியே வந்தபோது குடும்பத்தின் கையில் பத்திரிகை இல்லை, ஒரு ஹெட்ஜ் ஃபண்டின், அதாவது பெரும் பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி லாபத்துக்காக முதலீடு செய்யும் நிறுவனத்தின், கையில் இருந்தது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் வேலையிழந்த நிருபர்களிடம் சொல்லப்பட்ட காரணம் இணையம். தாங்கள் வாங்காத கடனுக்குத் தங்கள் சம்பளத்திலிருந்து வட்டி போனதை யாரும் அவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஹெட்ஜ் ஃபண்டுகள் வந்த பிறகு நிலைமை இன்னும் வெளிப்படையாகிவிட்டது. ஆல்டன் குளோபல் கேபிடல் என்ற நிறுவனத்தின் பிடியிலிருந்த டென்வர் போஸ்டில் 2018-ல் இன்னும் 30 பேரைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு காலத்தில் 250-க்கும் மேற்பட்டோர் இருந்த செய்திப் பிரிவு அது. இந்தக் குறைப்புக்குப் பின் எழுபதுக்கும் கீழே போக இருந்தது. அந்த ஏப்ரலில் தலையங்கப் பக்க ஆசிரியர் சக் பிளங்கெட் சொந்த முதலாளியையே பிணந்தின்னிக் கழுகு என்று தலையங்கம் எழுதி அச்சிட்டார். ஒரு பத்திரிகை தன் முதலாளியைத் தன் பக்கத்திலேயே திட்டுவது லேசில் நடக்கிற காரியமா? அடுத்த மாதம் அவர் எழுதிய இன்னொரு தலையங்கத்தை நிர்வாகம் நிறுத்தியதும் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். ஆல்டன் நஷ்டத்தில் தவித்ததா என்றால், அதன் பத்திரிகைகள் 2017-ல் ஏறக்குறைய 16 கோடி டாலர் லாபம் ஈட்டியதாகச் செய்தித்துறை ஆய்வாளர் ஒருவர் அப்போதே கணக்கை வெளியிட்டார். 2021 மே மாதம் அதே ஆல்டன் 63.3 கோடி டாலர் கொடுத்து சிகாகோ டிரிப்யூன் உள்ளிட்ட பத்திரிகைகளையும் வாங்கியது. வாங்கிய கையோடு, விருப்பமுள்ளவர்கள் பணம் வாங்கிக்கொண்டு விலகலாம் என்று சுற்றறிக்கை போனது.

இவர்கள் பத்திரிகையை நடத்த வரவில்லை. வற்றுகிற வரை கறந்துவிட்டுப் போக வந்தவர்கள். எனக்கு இந்த வகை முதலாளியைவிட, பத்திரிகையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதே வேலையைத் தயங்கித் தயங்கிச் செய்கிறவர்தான் குழப்பமானவர். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸை 2018-ல் வாங்கிய மருத்துவர் பேட்ரிக் சூன்-ஷியாங் ஆரம்பத்தில் ஆட்களைச் சேர்த்தார், புதுக் கட்டடம் கொடுத்தார், கைக்காசைப் போட்டார். 2024 ஜனவரியில் ஒரே அடியாகக் குறைந்தது 115 பேரை அனுப்பினார், செய்திப் பிரிவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பணக்காரர் ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்று காத்திருக்கிற பத்திரிகையாளர்களிடம் நான் சொல்வது: அவருடைய பொறுமை எத்தனை வருஷம் என்றும் சேர்த்து விசாரியுங்கள்.

நம் நாட்டில் இது சத்தமில்லாமல் நடக்கும். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தில், ஆட்குறைப்பு என்றால் ஆசிரியருக்கு 6 மாதமும் மற்றவர்களுக்கு 3 மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று எழுதியிருந்தது. பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை நிர்ணயிக்க அரசு அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் உறுதி செய்தபோது டெஸ்க்கில் சிலர் இனிப்பு கொடுத்தார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பிருந்தே நிறுவனங்கள் புதியவர்களை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தன. ஒப்பந்தக்காரரை நீக்கத் தேவையில்லை, புதுப்பிக்காமல் விட்டால் போதும். மற்றவர்களுக்கு வேறு வழி. மனிதவளப் பிரிவிலிருந்து போன் வரும். அறைக்குள் போனால் ராஜினாமா கடிதம் டைப் செய்து தயாராக இருக்கும், கையெழுத்து மட்டும் பாக்கி. "நீங்களா போனா செட்டில்மென்ட் உடனே வரும் சார், நல்ல லெட்டரும் கிடைக்கும்" என்பார் ஒரு இளைஞர். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, அடுத்த பட்டியலில் அவரும் இருப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் கணினியின் பாஸ்வேர்ட் வேலை செய்யாது. எழுதி முடிக்காத செய்தி ஒன்று உள்ளே இருக்கும். காகிதத்தில் பார்த்தால் ஆட்குறைப்பே நடக்கவில்லை. சிலர் சொந்தக் காரணங்களுக்காக விலகியிருக்கிறார்கள். இப்போது அந்த 1955 சட்டமும் தனியாக இல்லை, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது.

இப்படி விலகியவர்கள் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரடியாக முடியாது. ஆனால் சில இடங்களில் காலம் கடந்து தெரிந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன நகரம். மக்கள் தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு, பெரும்பாலும் உழைக்கும் ஏழைகள். அங்கே நகர நிர்வாகி ராபர்ட் ரிஸோ வருஷத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்க அதிபரின் சம்பளம் 4 லட்சம்.  நகர மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆள் இல்லை; அந்த ஊரைக் கவனிக்க ஒரு உள்ளூர்ப் பத்திரிகை அப்போது இல்லை. பக்கத்து ஊர் விவகாரம் ஒன்றைத் துருவிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர்கள் இருவருக்கு இது தட்டுப்பட்டு, 2010 ஜூலையில் செய்தி வந்தது. ரிஸோ சிறைக்குப் போனார். அந்தச் செய்திக்காகப் பத்திரிகைக்குப் புலிட்சர் கிடைத்தது, சரி. ஆனால் மன்றக் கூட்டங்களுக்கு மாதாமாதம் ஒரு ஜூனியர் நிருபர் போய்க்கொண்டிருந்தால் புலிட்சர் வாங்கும் அளவுக்கு அந்தச் சம்பளம் வளர்ந்தே இருக்காது. இரண்டு லட்சத்தைத் தாண்டும்போதே ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாக வந்து, யாராவது எழுந்து கேள்வி கேட்டிருப்பார்கள்.

லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் செத்தார்கள். அதில் குடியிருந்தவர்கள் தீ பாதுகாப்பு பற்றித் தங்கள் வலைப்பதிவில் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். 2016 நவம்பரில், ஒரு பேரழிவு நடந்தால்தான் எங்கள் நிர்வாகத்தின் லட்சணம் வெளியே தெரியும் என்றே எழுதினார்கள். நிருபர் ஒருவர் வந்திருந்தால் அந்த விபத்து நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். புகாரை எழுதியவர் இருந்தார், படித்துவிட்டு அதிகாரியை போனில் கூப்பிட்டு 'இதற்கு என்ன பதில் சார்?' என்று கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர் அந்தப் பகுதியில் இல்லை. சமூக ஊடகம் வந்துவிட்டதே, ஒவ்வொருவரும் நிருபர்தானே என்று சொல்கிறவர்களிடம் இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் காட்டுவேன்.

இதற்குப் பணக்கணக்கே போட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர், உள்ளூர்ப் பத்திரிகை மூடிய பிறகு அந்தப் பகுதி உள்ளாட்சிகள் கடன் வாங்கும்போது கட்டும் வட்டி என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடுகிறது. கேட்பதற்கு அற்பம்தான். பாலத்துக்கும் பள்ளிக்கும் கோடிக்கணக்கில் வாங்கும் கடனில் இது நிருபர்கள் பலரின் சம்பளம். கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் பணம் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் பயம். அந்தப் பயத்தின் விலையை வரி கட்டுகிறவர்கள் கொடுக்கிறார்கள். முதலாளி மிச்சம் பிடித்த சம்பளம் ஊர்க்காரர்களின் செலவாக மாறிவிடுகிறது.

மிச்சமிருப்பவர்கள் படும் பாடு தனி. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்ப்பார் என்பது பழைய கதை. இப்போது அந்த ஒருவருக்கு முன்னால் ஒரு திரை இருக்கிறது, எந்தச் செய்தியை இந்த நிமிஷம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நீதிமன்ற வராந்தாவில் நாள் முழுக்க நின்று எடுத்துவந்த செய்தி அதில் அடியில் கிடக்கும். நடிகையின் விமான நிலையப் படம் மேலே நிற்கும். செய்தி ஆசிரியர் கெட்டவர் இல்லை, ஆனால் அடுத்த நாள் அந்த நிருபரை வராந்தாவுக்கு அனுப்பும் முன் இரண்டு முறை யோசிப்பார்.

வேறு வழியே இல்லையா என்றால், சிலர் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் டிரிப்யூனை 2016-ல் வாங்கிய பால் ஹன்ட்ஸ்மன் 2018-ல் செய்திப் பிரிவின் 90 பேரில் 34 பேரை நீக்கினார். வழக்கமான கதை. ஆனால் அடுத்த வருஷம் அவர் உரிமையை விட்டுக்கொடுத்து, அரசின் ஒப்புதலோடு பத்திரிகையையே லாப நோக்கமற்ற அமைப்பாக மாற்றினார். நன்கொடையும் சந்தாவும் வந்தன. 2020 கடைசியோடு தினசரி அச்சை நிறுத்தி வாரப் பதிப்பாக்கினார்கள். அந்தப் பணத்தில் செய்திப் பிரிவில் மறுபடி ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். காகிதத்தைக் குறைத்து ஆளைக் கூட்டியது எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலான முதலாளிகள் ஆளைக் குறைத்துக் காகிதத்தைக் காப்பாற்றுகிறார்கள், ஏனென்றால் விளம்பரதாரரின் கண்ணுக்குக் காகிதம்தான் தெரிகிறது. எல்லா ஊரிலும் இது நடக்குமா என்றால் நடக்காது. நன்கொடை கொடுக்க வசதியானவர்களும் வேண்டும், கொடுத்துவிட்டுச் செய்தியில் தலையிடாதவர்களாகவும் இருக்க வேண்டும்.

அதனால் எல்லாப் பத்திரிகையாலும் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் நான் கேட்பேன். விலையை உயர்த்தும்போது முதல் பக்கத்தில் 'வாசகர்களுக்கு அறிவிப்பு' என்று கட்டம் கட்டிப் போடுகிறோம். இணைப்பிதழை நிறுத்தினாலும் போடுகிறோம். ஆட்களைக் குறைக்கும்போதும் அப்படி ஒரு கட்டம் போடலாம்: இன்ன தேதியிலிருந்து மாநகராட்சிக் கூட்டங்களுக்கு எங்கள் நிருபர் போக மாட்டார், தொழிலாளர் நீதிமன்றத்தை நாங்கள் பார்க்கப்போவதில்லை, விளம்பர வாசகங்களைச் சரிபார்க்க எங்களிடம் ஆள் இல்லை. போனவர்களின் பெயர் வேண்டாம், பார்க்காமல் விடப்போகிற இடங்களின் பட்டியல் போதும். வாசகருக்கு எதைத் தானே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதாவது தெரியும்.

நிர்வாகத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அதைப் போட்டா இருக்கிற சந்தாவும் போயிடும்பா" என்றார். போகும்தான். அந்தச் சந்தாவை எதைக் காட்டி வாங்கினோமோ, அதைத்தான் நிறுத்தியிருக்கிறோம்.